அத்தியாயம் 8: ஓடவிட்டுப் பார்த்தல்

பெயின்ற் காய்ந்து, பம்பர் மினுங்கி, சீற்றுக்குப் புது றெக்சின் தைத்ததும் கார் வேலை முடிந்துவிட்டது என்று பலர் முடிவெடுத்து விடுகிறார்கள். அடுத்த கிழமையே கலியாண வீட்டுக்கு வாடகைக்கும் விடுகிறார்கள். இதுவரை நாம் செய்தது முழுவதும் நின்ற காரில் செய்த வேலை. பாரம் ஏறி, சூடு ஏறி, குலுங்கி ஓடும்போதுதான் புதுப் பாகமும் பழைய பாகமும் ஒத்துப்போகின்றனவா என்று தெரியும். முதல் 500 மைலும், அதாவது 800 கிலோமீற்றரும், திருத்த வேலையின் ஒரு பகுதி. அதை ஓடி முடிக்காத கார் அரைகுறைக் கார்தான்.

இங்கே மொறிஸ் மைனர் 1000 ஐ உதாரணமாக எடுத்திருக்கிறேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948 இல் வெளிவந்தது. 1956 இல் 948 சிசி இஞ்சினோடு மைனர் 1000 ஆனது. 1962 இல் இஞ்சின் 1098 சிசியாகப் பெருத்தது. வடக்கில் இன்றும் ஓடுகிற பழைய கார்களில் இது முக்கியமானது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் பாகங்கள் கிடைக்கும். ஒஸ்ரின் ஏ35 இலும் இதே ஏ வரிசை இஞ்சின்தான் என்பதால் இஞ்சின் பற்றிச் சொல்வது அதற்கும் பொருந்தும்.

வன்னியில் கிடைக்கும் காருக்குத் தனி வரலாறு ஒன்று உண்டு. அதை மறந்துவிட்டுக் கோளாறு தேடினால் காரணம் பிடிபடாது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோல் இங்கே தடைசெய்யப்பட்ட பொருளானது. 2002 இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 பாதை திறக்கும்வரை கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் துளித்துளியாக விட்டு ஸ்ராட் செய்து, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தை இயக்கிய எவருக்கும் இந்த முறை புதிதல்ல. அந்தக் கைவேலைதான் ஆசுப்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சனங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன் தடயங்கள் இஞ்சினுக்குள் இன்னும் இருக்கின்றன. பிறகு 2009 சனவரியில் உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம் பகுதி பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்டது. எறிகணை அங்கேயும் விழுந்தது. சனங்கள் கிழக்கே நகர நகர வாகனங்கள் றோட்டோரம் நின்றுவிட்டன. அப்படி மழையிலும் வெயிலிலும் கிடந்து மீண்ட காராக இருந்தால் பெற்றோல் தாங்கியின் அடியில் கறள், பிரேக் சிலிண்டருக்குள் பள்ளம், தகட்டில் சன்னம் துளைத்த ஓட்டை எல்லாம் இருக்கலாம். மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுதான் பாரம் தாங்குகிறது. சன்னம் உள்ளே போன இடத்தை வெளியே புட்டி பூசி மறைத்திருப்பார்கள். ஜக் வைத்துத் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறினால் காரை றோட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். வெல்டிங் செய்பவரிடம் திரும்பிப் போங்கள்.

சில்லு உருளுமுன்

மைனரில் உயிராபத்தான இடம் ஒன்று உண்டு. முன் சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் மேலும் கீழும் மரை வெட்டிய மூட்டுகள் இருக்கின்றன. ட்ரனியன் என்பார்கள். கிறீஸ் காய்ந்து மரை தேய்ந்தால் கீழ் மூட்டு கழன்று, ஓடும்போதே சில்லு மட்கார்டுக்குள் மடிந்துவிடும். இது அபூர்வமான விபத்து அல்ல, மைனருக்குப் பேர்போன விபத்து. முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, சில்லின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டிப் பாருங்கள். இன்னொருவர் அடியில் ரோர்ச் பிடித்து மூட்டைப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஆட்டம் இல்லாவிட்டாலும் நிப்பிளில் புதுக் கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். பிறகும் ஒவ்வொரு 1000 மைலுக்கும் அடிக்க வேண்டும். பெயின்ற் அடிக்கும்போது நிப்பிளின் வாய் அடைபட்டுப் போவது வழக்கம். கிறீஸ் கன்னைப் பூட்டி அழுத்தியதோடு திருப்திப்படாமல் கிறீஸ் உள்ளே போகிறதா என்று பார்க்கச் சொல்வது அதனால்தான்.

பற்றரி பூட்டும்போதும் அவதானம் வேண்டும். மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கார்களில் பழகிய தம்பிமார் பார்க்காமல் மறுவளமாகப் பூட்டிவிடுவார்கள். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். டைனமோவையும் கொயிலையும் பார்த்து உறுதிசெய்யாமல் வயரைத் தொட வேண்டாம்.

ரயரின் பூ நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் கழற்றி எறியுங்கள். தீயணைப்பான் ஒன்று, இரண்டு போத்தல் தண்ணீர், பிளக் ஸ்பனர், ஃபீலர் கேஜ், ஒரு துண்டு வயர், பழைய துணி, ஒரு கொப்பி, பென்சில் ஆகியவை காரில் இருக்கட்டும். காப்புறுதியும் வரிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாத காரைப் பொதுவீதியில் ஓட்டிப் பார்ப்பது சட்டவிரோதம். அவை கைக்கு வரும்வரை வளவுக்குள் ஓட்டிப் பாருங்கள்.

எந்த றோட்டு

உடையார்கட்டில் இருப்பவருக்கு வாய்ப்பான பாதை வாசலிலேயே இருக்கிறது. பரந்தனையும் முல்லைத்தீவையும் இணைக்கும் ஏ35 வீதி ஊரை ஊடறுத்துப் போகிறது. மேற்கே விசுவமடு, தர்மபுரம், பரந்தன். கிழக்கே சுதந்திரபுரம், வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு. பாதை சமதரை, பெரும்பாலும் நேர், கார்ப்பெற் போட்டது. உள்ளே திரும்பினால் கிரவல் ஒழுங்கைகள் உண்டு. பிரேக்கையும் கிளச்சையும் முதலில் ஒழுங்கையில் நடைவேகத்தில் பாருங்கள். அடுத்தது விசுவமடுவரை போய்வருவது. காரில் நம்பிக்கை வந்தபின் புதுக்குடியிருப்பு. கடைசியாகப் பரந்தன் சந்திக்குப் போய் ஏ9 இல் கிளிநொச்சிவரை. முதல் ஓட்டத்திலேயே முல்லைத்தீவுப் பக்கம் போக வேண்டாம். வட்டுவாகலின் ஒடுங்கிய பழைய பாலத்தில் கார் நின்றுவிட்டால் இரண்டு பக்கத்திலும் வாகனம் மறிபடும்.

கார் மக்கர் பண்ணினால் ஓரங்கட்டத் தோன்றும். கார்ப்பெற் விளிம்பை ஒட்டி, சனம் நடந்து பழகிய இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்டகாலம் நடந்துவருகிறது. சிவப்புப் பலகை நட்ட காணிகள் காட்டோரங்களில் இருந்தன. ஆள்நடமாட்டம் இல்லாத காட்டுப் பாதையை ஓட்டிப் பார்க்கத் தெரிவுசெய்யாதீர்கள். கழன்று உருண்ட சில்லுக்கப்பைத் தேடிப் பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம்.

மாசி, பங்குனியில் கால்போக அறுவடை நெல்லை றோட்டின் ஒரு பக்கத்தில் காயப்போட்டிருப்பார்கள். பொழுதுபட்டால் கட்டாக்காலி மாடுகள் கார்ப்பெற்றின் சூட்டுக்கு வந்து படுக்கும். ஆகவே பிரேக் பரிசோதனையைக் காலை வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிற்கட்டும்

ஓடுவதைவிட நிற்பது முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் முதல் நாளில் எல்லோரும் இஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிரேக் சரியாகும்வரை மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டாதீர்கள்.

மிதி பஞ்சுபோல அமுங்கி, இரண்டாம் மூன்றாம் மிதியில் உயர்ந்தால் குழாய்க்குள் காற்று இருக்கிறது, அல்லது பிரேக் சூ டிரம்மிலிருந்து தள்ளி நிற்கிறது. மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்ஜஸ்ரர், பின் சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. முன் சில்லில் ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு மற்றதைத் தேடாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. டிரம்மின் துவாரத்தைச் சுற்றிக்கொண்டுவந்து இரண்டையும் கண்டுபிடியுங்கள். சில்லு இறுகும்வரை திருப்பி, பிறகு தடையின்றிச் சுழலும்வரை ஒவ்வொரு பல்லாகத் தளர்த்துங்கள். அதன்பிறகும் மிதி அமுங்கினால் காற்று எடுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது கார் இடது பக்கம் இழுத்தால் குற்றம் வலது பக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். அந்தப் பக்கம் பிடிக்கவில்லை, இடது பக்கம் மட்டும் பிடிக்கிறது. வலது லைனிங்கில் ஒயிலோ கிறீஸோ பட்டிருக்கலாம், சிலிண்டர் இறுகியிருக்கலாம். ஒயில் குடித்த லைனிங்கைப் பெற்றோலில் கழுவி மறுபடி போடுவதைப் பல கராச்களில் பார்த்திருக்கிறேன். சூடானதும் அந்த ஒயில் மீண்டும் மேலே வரும். மாற்றுவதே சரி.

ஓட ஓடப் பிரேக் தானாக இறுகி, கார் இழுபட்டு, டிரம் மணத்தால் இரண்டு காரணங்களைத் தேடுங்கள். மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டின் கீழ் பெட்டிக்குள் இருக்கிறது. மிதிக்கும் அதன் தண்டுக்கும் இடையே சிறிது வெறும் அசைவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்ரன் முழுதாகப் பின்னால் வராது, சூடாகிப் பெருத்த எண்ணெய் தாங்கிக்குத் திரும்பாது, நான்கு சில்லும் இறுகும். ஒரு சில்லு மட்டும் இறுகினால் அந்தப் பக்கத்து இறப்பர்க் குழாய் உட்புறமாக வீங்கியிருக்கும். மிதிக்கும் அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போகும், விட்டதும் திரும்பி வராது. வெளியே பார்த்தால் குழாய் புதிதுபோல இருக்கும். நாற்பது வருடப் பழைய குழாயை ஆராயாமல் மாற்றிவிடுங்கள். பிரேக் இறப்பர்களை மண்ணெண்ணெயில் கழுவுவது இங்கே பழக்கம். ஒருபோதும் வேண்டாம். கனிய எண்ணெய் பட்ட இறப்பர் ஊதிப்போகும். பிரேக் எண்ணெயிலேயே கழுவுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் நான்கு சில்லின் நடுப்பகுதிக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் உராய்கிறது அல்லது பெயரிங் இறுக்கம். இதைவிட மலிவான சோதனை கிடையாது.

காபரேற்றரைத் தொடுமுன்

கார் விட்டுவிட்டு இழுக்கிறது, அக்சிலேற்றர் அமத்தினால் தடுமாறுகிறது, வெறுமனே நிற்கும்போது ஒரு சீராக ஓடவில்லை. இப்படி என்றதும் காபரேற்றரைக் கழற்றிவிடுகிறார்கள். என் உறுதியான கருத்து: பாதிக்கு மேற்பட்ட தரம் குற்றம் பொறியில் இருக்கிறது, எரிபொருளில் இல்லை. பொறியைச் சரிபார்க்காமல் காபரேற்றரில் ஒரு நட்டையும் திருப்பக்கூடாது. இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

பொயின்ற் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். பொறி போகும் ஒழுங்கு 1-3-4-2. பொயின்ற்றின் முகம் கருகியோ ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாகவோ இருந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். கார் குளிரில் நன்றாக ஓடி, அரை மணித்தியாலத்தில் நின்று, ஆறினதும் மறுபடி ஸ்ராட் ஆனால் கண்டென்சர் அல்லது கொயில் சூட்டில் களைக்கிறது. புதுக் கண்டென்சர் என்பதால் நல்லது என்று நம்பாதீர்கள். நன்றாக ஓடிய பழையதைத் துணியில் சுற்றிக் காரிலேயே வைத்திருங்கள்.

டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு பாரங்கள் வேகம் கூடக் கூட விரிந்து பொறியை முன்தள்ள வேண்டும். நெடுநாள் கிடந்த காரில் அவை இறுகிவிடும். அப்போது வெறும் நிலையில் அழகாக ஓடும் இஞ்சின் 50 கிலோமீற்றருக்கு மேல் மூச்சுவிடாது, சூடாகும். றோட்டர் கையைத் திருப்பிவிட்டால் தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கழற்றிச் சுத்தம்செய்து துளி ஒயில் விடுங்கள்.

இனி எரிபொருள். மைனரின் எஸ்யூ மின்பம்ப் பேசும் பம்ப். சாவியைத் திருப்பியதும் டிக்டிக் என்று அடித்து, காபரேற்றர் கிண்ணம் நிரம்பியதும் ஓய வேண்டும். அடிக்கவே இல்லை என்றால் மின் வரவில்லை அல்லது அதன் பொயின்ற் கருகிவிட்டது. நிற்காமல் வேகமாக அடித்தால் காற்றை உறிஞ்சுகிறது: தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ வெடிப்பு. இஞ்சின் ஓடாதபோதும் மெதுவாக அடித்துக்கொண்டே இருந்தால் கிண்ணத்து ஊசி அடைபடாமல் பெற்றோல் வழிகிறது. அந்த நிலையில் சாவியை அணைத்துவிட்டுத்தான் பொனற்றைத் திறக்க வேண்டும். மெதுவாக அடிக்க முயன்று நிற்பதென்றால் தாங்கியின் கறள் குழாயை அடைத்திருக்கும். கறள்பட்ட தாங்கியுள்ள கார்கள் விசுவமடுவுக்கு வராமலே நின்றுபோவது இதனால்தான். தெளிந்த வடி ஒன்றைப் பம்புக்கு முன்னே பூட்டி, முதல் 500 மைலுக்கும் ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் பாருங்கள்.

காபரேற்றர் மேல்மூடியைத் திறந்து தண்டுக்குள் மெல்லிய ஒயில் இருக்கிறதா பாருங்கள். அது வற்றினால் அக்சிலேற்றரைத் திடீரென அமத்தும்போது இஞ்சின் தடுமாறும். கலவையைப் பார்க்க இஞ்சினை நன்றாகச் சூடாக்கி, பிஸ்ரனைப் பக்கத்து ஊசியால் 1/32 அங்குலம் மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். உடனே தளர்ந்து நிற்கப் பார்த்தால் குறைவு. கணப்பொழுது கூடிப் பழையபடி அமர்ந்தால் சரி. கீழுள்ள ஆறுமுக நட்டை ஒருதரத்தில் ஒரு முகம் அளவு மட்டும் திருப்புங்கள்.

பிறகு உண்மையான சோதனை. ஆளில்லாத நேர்ப்பாதையில் நாலாம் கியரில் ஒரே வேகத்தில் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடி, கிளச்சை அமத்திச் சாவியை அணைத்து, பாதுகாப்பாக ஓரத்தில் உருண்டு நின்று, பிளக்குகளைக் கழற்றுங்கள். வெளிர் பழுப்பு என்றால் நல்லது. கரி படர்ந்து உலர்ந்திருந்தால் பெற்றோல் கூட. வெள்ளை வெளுப்பு என்றால் குறைவு, அல்லது எங்கோ காற்று உள்ளே வருகிறது.

காற்று வரும் இடத்தைத் தேடும்போது மண்ணெண்ணெய்க் காலத்தை நினைவில் வையுங்கள். பெற்றோல் துளி விடுவதற்காக இன்லெற் குழாயிலோ காபரேற்றரிலோ யாராவது துளை போட்டிருந்தால், அதில் இறுக்கிய அடைப்பு இன்று கழன்றிருக்கும். இஞ்சின் ஓடும்போது சந்தேகமான இடத்தில் துளி ஒயில் விட்டுப் பாருங்கள். ஓட்டம் மாறினால் அதுதான் ஓட்டை. மண்ணெண்ணெய்க்காக ஊசியைத் தேய்த்திருந்தால், அல்லது கொம்பிரசன் குறைக்க இரட்டைக் கஸ்கற் போட்டிருந்தால் இரண்டையும் பழையபடிக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை நாள் ரியூன் பண்ணினாலும் பெற்றோலில் நன்றாக ஓடாது.

மண்ணெண்ணெயின் இன்னொரு மிச்சம் கரி. சிலிண்டர் தலையில் அது ஒட்டியிருந்தால் பாரம் ஏறும்போது இஞ்சின் கிணுகிணுக்கும், சாவியை அணைத்த பின்னும் சில சுற்று ஓடும். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரைக் கழுவி ஒயிலோடு கலந்ததால் றிங்குகளும் தேய்ந்தன. வன்னியில் மலையேற்றம் இல்லை. ஆகவே பாரத்தைச் சோதிக்க நாலு பேரை ஏற்றி, நாலாம் கியரில் 30 கிலோமீற்றரிலிருந்து அக்சிலேற்றரை முழுதாக அமத்துங்கள். கிணுகிணுப்பும் பின்னால் நீலப் புகையும் அப்போது தெரிந்துவிடும். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002 இல் நிறுத்தப்பட்டது. கடின வால்வு இருக்கை போடாத தலையாக இருந்தால் வால்வு இடைவெளியை அடிக்கடி பாருங்கள். 0.012 அங்குலம் இருக்க வேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் குறைந்துகொண்டே வந்தால் இருக்கை தேய்கிறது.

வெயில்

காலை ஏழு மணிக்குச் சூடாகாத கார் பகல் பன்னிரண்டுக்குக் கொதிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏ35 இன் கார்ப்பெற்றில் இருந்து எழும் வெப்பம் றேடியேற்றரை முழுதாகச் சோதித்துவிடும். ஓடும்போது கொதித்தால் றேடியேற்றர்க் குழாய்களில் அடைப்பு, அல்லது பொறி பிந்துகிறது. நிற்கும்போது மட்டும் கொதித்தால் காற்றாடிப் பெல்ற் தளர்ந்திருக்கும். நடுவில் விரலால் அமத்தினால் அரை அங்குலம் அமர வேண்டும்.

சூடாகிறதென்றால் தெர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது இங்கே வழமையான வைத்தியம். ஏ வரிசை இஞ்சினில் இது தீங்கு. அதன் இடத்தில் உரிய வளையம் போடாமல் விட்டால் தண்ணீர் குறுக்குவழியாகச் சுற்றி, பின் சிலிண்டர்கள் கூடுதலாகச் சூடாகும். காட்டி குளிர் என்று சொல்லும், இஞ்சின் உள்ளே வேகும். தெர்மோஸ்ராற்றைத் திரும்பப் பூட்டி உண்மைக் காரணத்தைத் தேடுங்கள். றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாமல், பீலியில் பிடித்த மழைநீர் விடுங்கள். உப்பும் சுண்ணாம்பும் படியாது. புதுத் தண்ணீர் விட்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் குறைந்து, ஒழுக்கும் தெரியாவிட்டால் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். பால்போல வெண்படை இருந்தால் தலைக் கஸ்கற்.

சூட்டில் நிறுத்தி மறுபடி ஸ்ராட் பண்ணும்போது மக்கர் பண்ணினால் பம்பிலும் குழாயிலும் பெற்றோல் ஆவியாகியிருக்கும். ஈரத்துணியைப் பம்பில் போட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். அது அடிக்கடி நடந்தால் குழாயைச் சைலன்சர் குழாயிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

ஆட்டமும் சத்தமும்

ஸ்ரியறிங் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் ரயர்க் காற்றைப் பாருங்கள். முன்னே 22 இறாத்தல், பின்னே ஆட்களின் தொகையைப் பொறுத்து 22 முதல் 24. முன் சில்லுகள் முன்பக்கமாக 3/32 அங்குலம் உள்நோக்கி இருக்க வேண்டும். 60 கிலோமீற்றரில் ஸ்ரியறிங் நடுங்கி 70 இல் அடங்கினால் சில்லுச் சமநிலை. வேகம் கூடக் கூட நடுக்கமும் கூடினால் புறப்பெல்லர் தண்டு.

சத்தம் எங்கே என்று தெரியாவிட்டால் அந்த வேகத்திலேயே கிளச்சை அமத்தி உருள விடுங்கள். சத்தம் தொடர்ந்தால் சில்லு, பெயரிங், பின் அக்சில். நின்றால் இஞ்சின் பக்கம். முதல் கியருக்கு ஒத்திசைவு கிடையாது. ஓடும்போது முதல் கியருக்கு மாற்றி வரும் கிறீச்சொலி கோளாறு அல்ல, முழுதாக நிறுத்திவிட்டு மாற்றுங்கள். அக்சிலேற்றரை விட்டதும் கியர் தானாக வெளியே குதித்தால் அது கோளாறு.

மின்

திருத்திய காரின் மின் குற்றங்களில் பெரும்பங்கு புதுப் பெயின்றால் வருவது. பெயின்ற் மின்னைக் கடத்தாது. ஹெட்லைற் மங்கல், கோன் அடிக்காது, பெற்றோல் காட்டி பொய் சொல்லும்: எல்லாவற்றுக்கும் எர்த் பூட்டிய இடத்தில் பெயின்றைச் சுரண்டித் தகட்டைத் தெரியவைத்துப் பூட்டினால் போதும். இஞ்சினையும் பொடியையும் இணைக்கும் எர்த் பட்டியைத் திரும்பப் பூட்ட மறந்தால் ஸ்ராட்டரின் மின்னோட்டம் முழுவதும் சொக் கம்பி வழியே போய் அதைச் சிவக்கச் சுட்டுவிடும். ஸ்ராட் பண்ணும்போது சொக் கம்பி சூடானால் உடனே நிறுத்துங்கள். சிவப்பு வெளிச்சம் வெறும் ஓட்டத்தில் மின்னுவது சரி, வேகத்தில் அணையாவிட்டால் டைனமோவும் பெல்ற்றும் பார்க்க வேண்டும்.

கொப்பி

ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வைத்திருங்கள். திகதி, தூரம், வெயிலா மழையா, காரில் எத்தனை பேர், ஒயில் மட்டம், தண்ணீர் மட்டம், கேட்ட சத்தம், அன்று மாற்றிய ஒரே ஒரு விசயம். ஒரு ஓட்டத்துக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் மறக்காதீர்கள். நல்ல மெக்கானிக்குகளே பொறுமையிழந்து மூன்றை ஒன்றாக மாற்றி, கார் மோசமானதும் மூன்றையும் திரும்ப மாற்றுகிறார்கள். ஒயில் குச்சியில் மட்டம் குறைவதைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். கூடினால் அதையும் எழுதுங்கள். மணந்து பாருங்கள், பெற்றோல் கலந்திருக்கும். ஒயில் காட்டி இருந்தால் சூடான இஞ்சின் ஓடும்போது 60 இறாத்தல், வெறும் நிலையில் 15 இறாத்தல் என்பதை அளவாக வையுங்கள்.

முதல் 500 மைலில் மணிக்கு 45 மைலைத் தாண்ட வேண்டாம். ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓட்ட வேண்டாம், கூட்டிக் குறையுங்கள். புது றிங் அப்போதுதான் சிலிண்டரில் அமரும். 500 மைல் முடிந்ததும் ஒயிலை மாற்றி, தலை நட்டுகளை ஒழுங்குப்படி இறுக்கி, வால்வு இடைவெளியை மறுபடி வையுங்கள். பிறகு நாலு பெரியவர்களோடு பகல் வெயிலில் பரந்தன் போய், சந்தியில் நிறுத்தி, ஒரு தேத்தண்ணி குடித்து, சூடான இஞ்சினைத் திரும்ப ஸ்ராட் பண்ணி, பொனற்றைத் திறக்காமல் உடையார்கட்டுக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் பொம்பிளை மாப்பிள்ளையை அதில் ஏற்றலாம்.

அந்தக் கடைசி ஓட்டத்துக்கு உங்கள் ஊரில் மண்ணெண்ணெயில் கார் ஓடவைத்த பழைய மெக்கானிக் அண்ணை ஒருவரைக் கூட்டிப்போங்கள். முன் சீற்றில் இருத்தி, அவர் சொல்வதை அந்தக் கொப்பியிலேயே எழுதிவையுங்கள். அந்த வேலை எந்தக் கைநூலிலும் அச்சாகவில்லை. அதைச் செய்தவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.